பின்னால் வருகிறவனுக்காக

இலக்கியம் பேசுகிற இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு சொல் தவறாகப் புழங்குவதைக் கண்டால் பொறுக்கமாட்டாமல் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் நாம். 'யதார்த்தம்' என்ற சொல்லுக்காகவும் 'அழகியல்' என்ற சொல்லுக்காகவும் எத்தனை சண்டைகள் போட்டிருக்கிறோம்! அந்த உரிமையில் எழுதப்படுவதே இக்கட்டுரையும். இம்முறை நாங்கள் வழக்காட வந்திருக்கும் சொல் 'ட்ராக் பைக்'.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதேனும் ஒரு தேநீர்க்கடை முன் நின்று பாருங்கள். வரிசையாக வந்து நிற்கும் வண்டிகளில் பாதிக்குப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இல்லை. எண் பலகை பின் சக்கரத்துக்கு மேலே, யாரும் படிக்க முடியாத கோணத்தில் ஒடுங்கியிருக்கும். சைலன்சர் இருந்த இடத்தில் கையளவு நீளமுள்ள ஒரு குழாய் நெஞ்சதிர முழங்கும். பிரேக் லீவர்களுக்குச் சிவப்பு, பெட்ரோல் டேங்கின் மூடிக்குப் பொன்னிறம். என்ன வண்டி இது என்று கேட்டால் பெருமிதத்தோடு பதில் வரும்: 'ட்ராக்குக்கு செட்டப் பண்ணின பைக்.' அந்த வண்டி பந்தயத் தடத்தின் வாசலைக்கூடப் பார்த்திருக்காது. பார்த்திருந்தால் அந்த நிலையில் அதை உள்ளே விட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு புதிய விளையாட்டு மோட்டார் சைக்கிளைத் தட வண்டியாக மாற்றுவது உண்மையான, கடினமான, மரியாதைக்குரிய ஒரு வேலை. அந்த வேலையின் சாரம் வேகம் அன்று, அழகும் அன்று. உங்களுக்குப் பின்னால் வருகிற, நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒருவனுடைய உயிரைக் கருதுவதே அதன் சாரம். சாலையில் 'ட்ராக் பைக்' என்று அலைகிற வண்டிகள் அந்தச் சாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் போர்த்திக்கொண்டவை. இதுவே எங்கள் வாதம்.

*

கடையிலிருந்து வரும் புது வண்டி என்பது என்ன? அது ஓர் ஒப்பந்தம். சட்டம், சந்தை, குடும்பம், மழை, மேடுபள்ளம் எனப் பலரோடு ஒரே நேரத்தில் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம். நமக்குப் பக்கத்திலேயே பிறந்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பரில் வெளிவந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓசூரில் தயாராவது. பிஎம்டபிள்யூவோடு 2013இல் ஏற்பட்ட கூட்டின் விளைவு. 312.2 சிசி கொள்ளளவு கொண்ட ஒற்றை சிலிண்டர், வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து நுழையும், புகை பின்னால் வெளியேறும். அறிமுகமானபோது 34 குதிரைத்திறன், எடை 169.5 கிலோ. மணிக்கு 150 கி.மீ.யை எளிதாகத் தாண்டும்.

இப்போது அதைச் சுற்றி வந்து பாருங்கள். முகப்பு விளக்குகள், இண்டிகேட்டர்கள், கண்ணாடிகள், ஹாரன், சைடு ஸ்டாண்டு, பின்னால் அமர்பவருக்கு இருக்கையும் கால்மிதியும் கைப்பிடியும். பின் சக்கரத்தின் பக்கவாட்டில் சாரி கார்டு. ஆம், இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்னிருக்கை உள்ள வண்டியில் அமர்பவரின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்க, சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும். பந்தய வண்டியின் சாயலில் வடிவமைக்கப்பட்ட இயந்திரத்திலும் நம் அம்மாக்களின் சேலைத் தலைப்பு கருதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு இது கேலிக்குரியதாகப் படவில்லை. சாலை வண்டியின் கௌரவமே இதுதான். அதன் ஒவ்வொரு உறுப்பும் யாரோ ஒருவரைக் கருதிச் சேர்க்கப்பட்டது. இண்டிகேட்டர் எதிரே வருகிறவருக்காக. ஹாரன் குறுக்கே நடக்கிறவருக்காக. எண் பலகை, அடித்துவிட்டு ஓடினால் கண்டுபிடிப்பதற்காக.

ஆகவே இவற்றைக் கழற்றுவது அற்பக் காரியம் இல்லை. கழற்றுகிறவன், 'இனி இந்த வண்டிக்கு எதிரே யாரும் வரமாட்டார்கள், குறுக்கே யாரும் நடக்கமாட்டார்கள்' என்று உறுதி கொடுக்கிறான். அந்த உறுதியைக் காப்பாற்ற இவ்வுலகில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

*

எங்களில் மூவர் சேர்ந்து இப்படி ஒரு புது வண்டியை வாங்கித் தட வண்டியாக மாற்றினோம். செய்த முதல் காரியம் என்ன என்று சொன்னால் சிரிப்பீர்கள். சைலன்சரை மாற்றினோம். மற்றவர்களைக் குற்றம் சொல்லுமுன் இதை ஒப்புக்கொள்வது முறை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் பல நாள் அலைந்து, முழக்கத்தை வாங்கிக்கொண்டு, சரக்கு வண்டியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். அங்கே வண்டிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் சைலன்சரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ரேடியேட்டரைத் தொட்டார்.

'தம்பி, இதுல என்ன ஊத்தியிருக்கீங்க?'

'கூலன்ட் சார். கம்பெனி கூலன்ட்தான்.'

'இறக்கிட்டுத் தண்ணி ஊத்திட்டு வாங்க. ஆயில் போல்ட்டுக்குக் கம்பி கட்டலையா? அதையும் கட்டிட்டு வாங்க.'

நாங்கள் தயங்கி நின்றதைப் பார்த்து, 'விழுந்தா நீங்க மட்டும் விழுங்க தம்பி. பின்னாடி வர்றவனையும் சேத்துக் கூட்டிட்டு விழாதீங்க' என்றார்.

அதுவரை நாங்கள் படித்திருந்த குறிப்புகள், பார்த்திருந்த படங்கள் அனைத்தையும் அந்த ஒற்றை வாக்கியம் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. கடையில் விற்கும் கூலன்டில் கிளைக்கால் கலந்திருக்கிறது. வழுக்கும் திரவம் அது. வளைவில் சிந்தினால் எளிதில் காயாது, கண்ணுக்கும் தெரியாது. அடுத்த சுற்றில் அதே கோட்டில் சாய்ந்து வருகிறவனின் டயருக்குக் கீழே அது எண்ணெய்க்கு நிகர். தண்ணீர் சிந்தினால் நம் வெயிலில் சற்று நேரத்தில் ஆவியாகிவிடும். இந்த மாற்றத்தால் ஓட்டுகிறவனுக்கு ஒரு நன்மையும் கிடையாது. வண்டி ஒரு நொடிகூட வேகமாகப் போகாது, துருவைத் தடுக்கும் மருந்துகூட இல்லாமல் போகும். முழுக்க முழுக்க அடுத்தவனுக்காகச் செய்வது.

அந்தக் கண்ணோடு பட்டியலை மறுபடி படித்துப் பார்த்தோம். வியப்பு கூடிக்கொண்டே போனது.

எண்ணெய் இறக்கும் போல்ட், எண்ணெய் வடிகட்டி, எண்ணெய் ஊற்றும் மூடி ஆகியவற்றின் தலையில் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை முறுக்கி, அருகிலுள்ள அசையாத உறுப்போடு பிணைக்கவேண்டும். போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுகும் திசையிலேயே இழுக்குமாறு கட்டுவது முறை. எதிர்த்திசையில் கட்டினால் கட்டாததற்குச் சமம். அதிர்வில் போல்ட் கழன்று எண்ணெய் கொட்டினால் முதலில் வழுக்குவது சொந்தப் பின் சக்கரம், அடுத்தடுத்து வழுக்குவது பின்னால் வருகிற அத்தனை பேரும்.

கடை வண்டியின் பிளாஸ்டிக் ஃபேரிங்குக்குப் பதிலாகப் பந்தயத்துக்கான ஃபைபர்கிளாஸ் ஃபேரிங் பொருத்துகிறோம். எடை குறையும், விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் அதன் கீழ்ப்பகுதி தொட்டிபோல் மூடியிருக்கவேண்டும் என்பதே விதி. இஞ்சின் வெடித்தால் அதிலுள்ள எண்ணெயிலும் நீரிலும் பாதியையாவது ஏந்திக்கொள்ளும் அளவு அந்தத் தொட்டிக்கு இருக்கவேண்டும் என்கிறது சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம்.

விளக்குகளையும் கண்ணாடிகளையும் கழற்றுவது எதற்காக? விழும்போது உடையும் சில்லுகள் தடத்தில் இறைந்து இன்னொருவன் டயரைக் கிழிக்கக்கூடாது. கண்ணாடி இல்லாததற்கு இன்னொரு நியாயமும் உண்டு. தடத்தில் முன்னால் போகிறவன் தன் கோட்டைப் பிசகாமல் பிடித்துக்கொண்டு போகவேண்டும். அவனைப் பத்திரமாகக் கடக்கும் பொறுப்பு பின்னால் வருகிறவனுடையது. முன்னவன் திரும்பிப் பார்க்காமலிருப்பதும் ஒரு வகை நம்பிக்கைதான். பந்தய வண்டிக்கு முன்விளக்கு கிடையாது. ஆனால் மழை பெய்தால் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாகவேண்டும். யாருக்காக என்று சொல்லவும் வேண்டுமா?

செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் சேரும் இடத்தில் சுறாத் துடுப்பு வடிவில் ஒரு தகடு. விழுந்தவனின் கையோ காலோ அந்த இடைவெளியில் போய்விடக்கூடாது. லீவர்களின் நுனியில் குறைந்தது 16 மி.மீ. விட்டமுள்ள உருண்டை, சதையில் குத்தி இறங்காதிருக்க. முன் பிரேக் லீவருக்கு ஒரு வளைந்த காப்பு. பக்கத்தில் உரசிப்போகும் இன்னொரு வண்டி அந்த லீவரை அழுத்திவிட்டால் முன்சக்கரம் நின்று இருவரும் கவிழ்வார்கள்.

இந்தப் பட்டியலில் வேகத்தைக் கூட்டுவது எது? ஒன்றுமில்லை. ஆனால் இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது தட வண்டி இல்லை. தேநீர்க்கடை முன் முழங்குகிற வண்டிகளில் போல்ட்டுக்குக் கம்பி கட்டியிருக்கிறார்களா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். நாங்கள் பார்த்த வண்டி எதிலும் இல்லை. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எதுவும் அவற்றில் மாறியிருப்பதில்லை.

அந்த நாளின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் ஊற்றி, கம்பி கட்டி, பிற்பகலில் ஓட அனுமதித்தார்கள். எங்களில் ஒருவர் ஒரு வளைவில் அவசரப்பட்டு முன்சக்கரத்தை நழுவவிட்டார். வண்டி வலப்பக்கமாகச் சரிந்து, உராய்ந்துகொண்டே போய் மண்ணில் நின்றது. இஞ்சின் உறை தேய்ந்து பளபளத்தது, ஃபேரிங் விரிசல் கண்டது, அருமைச் சைலன்சர் நசுங்கிப்போனது. எண்ணெய் மட்டும் ஒரு துளியும் சிந்தவில்லை. மார்ஷல்கள் மஞ்சள் கொடி அசைக்க, பின்னால் வந்த நான்கைந்து வண்டிகள் அதே வளைவைச் சுத்தமாகக் கடந்து போயின. அவர்களில் எவருக்கும் காலையில் கட்டிய கம்பியைப் பற்றித் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. சைலன்சர் முழங்கியபோது எங்களுக்கு உண்டான கர்வத்தைவிட, அந்த வண்டிகள் கடந்துபோனதைக் கண்டபோது உண்டான நிம்மதி பெரிது.

*

பணத்தை எந்த வரிசையில் செலவிடுகிறோம் என்பதில்தான் ஒருவனுடைய உண்மையான நோக்கம் வெளிப்படும் என்று நம்புகிறோம். சாலையில் புழங்கும் வரிசை தெரிந்ததுதான்: முதலில் சைலன்சர், பிறகு வண்ண லீவர், பிறகு ஒட்டுப்படங்கள், பணம் மிஞ்சினால் கையுறை.

முறையான வரிசை நேர் எதிரானது. முதலில் உடல்: தோலாலான முழு உடுப்பு, முதுகுத்தண்டுக் காப்பு, நல்ல தலைக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ். அடுத்து பயிற்சி. தெரிந்தவரிடம் ஒரு நாள் கற்பது பத்து உதிரி பாகங்களுக்குச் சமம். அடுத்து டயர். அதிலும் முதன்முறை செல்பவர் வழுவழுப்பான பந்தய டயர் தேடி ஓடவேண்டாம். அவற்றை ஓட்டுவதற்கு முன் போர்வை சுற்றி ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடேற்றவேண்டும். சூடேறாத பந்தய டயர் சாதாரண டயரைவிட ஆபத்தானது. அடுத்து பிரேக் பட்டைகளும் பிரேக் ஆயிலும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகோ அந்தத் தரத்துக்குரிய எல்லை 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும், லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. கடற்கரை ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா?

அடுத்து சஸ்பென்ஷன். சரிசெய்ய வசதியுள்ள வண்டியானால் இதற்குப் பணமே வேண்டாம். ஓட்டுகிறவர் முழு உடுப்போடு அமர, நண்பர் ஒருவர் அளவுநாடாவோடு நின்றால் போதும். வண்டி எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து திருகவேண்டியதே. பொதுவாக 30 முதல் 35 மி.மீ. என்பார்கள். இலவசமாகக் கிடைப்பதாலேயே யாரும் இதைச் செய்வதில்லை. அதன் பிறகு கம்பி, தொட்டி, தகடு, காப்புகள். வளைவில் கால்மிதி தரையைத் தட்டுகிறது என்று டயரின் ஓரம் சாட்சி சொல்லும்போது உயர்த்திய கால்மிதிகள். கடைசியில், எல்லாவற்றுக்கும் கடைசியில், சைலன்சர். தனியாக மாட்டினால் அது தரும் கூடுதல் திறன் சொற்பம். முறையாக மூச்சு விட்டு, வளைவில் பார்வையை உயர்த்தக் கற்ற ஒருவன் கடை சைலன்சரோடு அவர்களைக் கடந்து போய்விடுவான்.

புது வண்டிக்கு இன்னொரு பொறுமையும் வேண்டும். பிஸ்டனும் சிலிண்டரும் பற்சக்கரங்களும் ஒன்றோடொன்று பழகும்வரை, பல கையேடுகளில் முதல் 1000 கி.மீ. வரை, முறுக்கக்கூடாது. பிறகு எண்ணெயை மாற்றவேண்டும். புது டயரின் வழுவழுப்புத் தேயவும் தூரம் ஓடவேண்டும். ஆகவே அந்த வண்டி முதலில் சாலையில் அடக்கமாக வாழ்ந்துவிட்டுத்தான் தடத்துக்குப் போகிறது. வாங்கிய அன்றே முறுக்கிப் பார்க்கிற நம் அவசரக்காரர்களுக்கு இது எப்படிப் புரியும்?

*

எதிர்வாதங்களுக்கு வருவோம்.

'புது வண்டியை அறுத்துப்போடுவது வீண், பழையது போதாதா?' போதும். பழையதை நன்றாகச் சோதித்து வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் விழுந்த வண்டியின் சட்டகம் வளைந்திருப்பதைச் சாயம் மறைத்துவிடும். புதியதன் வரலாறு முழுக்க நமக்குத் தெரியும் என்பதே அதன் விலை. எங்களைப் பொறுத்தவரை வீண் என்பது வேறு. இந்திய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிக்கு உச்ச வரம்பு மணிக்கு 80 கி.மீ. என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. 150ஐத் தாண்டும் வண்டியை வாங்கி அதன் பாதியைச் சட்டத்துக்குப் பயந்தும் மறுபாதியைச் சட்டத்தை மீறியும் ஓட்டுவதே வீண்.

'இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு.' ஓரளவு உண்மை. மறுக்கமாட்டோம். மூவர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கியதற்குக் காரணமே அதுதான். ஆனால் சாலையில் விழுபவனின் மருத்துவச் செலவு யாருடைய பொழுதுபோக்கு? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ஞாயிறு காலை முழங்குகிறவர்கள் இவற்றில் சிறு பகுதியே என்பது தெரியும். ஆனால் மீன்கூடையோடு எக்ஸெல்லில் சாலையைக் கடப்பவர் அந்தச் சிறு பகுதியிடம் மாட்டிக்கொண்டால் அவருக்குச் சதவீதக் கணக்கு ஆறுதல் தராது.

'தடத்தில் சாவு இல்லையா?' இருக்கிறது. இதை மழுப்புகிறவர்கள் எங்கள் தரப்பில் இருந்தால் அவர்கள் எங்களுக்கும் எதிரிகளே. இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் அனுபவம் மிக்க கார் பந்தய வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். அந்தச் சிறுவனின் மரணம் எத்தனை வயதில் எவ்வளவு வேகத்தை அனுமதிப்பது என்ற கேள்வியை எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு நேர்மையான பதில் தேவை. தடம் உயிருக்கு உத்தரவாதம் தருவதில்லை. எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், மார்ஷல் கொடியோடு நிற்பார், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும், சரிந்தால் மண்வெளி இருக்கும். இவ்வளவுதான் அது தருவது. அங்கு ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே ஆபத்தில் இருக்கிறார்கள். சாலையில் ஏற்றுக்கொள்ளாதவர்களே முதலில் அடிபடுகிறார்கள்.

'வாரநாளில் அலுவலகம், வாரக் கடைசியில் ட்ராக், இரண்டுக்கும் ஒரே வண்டி கூடாதா?' கூடும். கடை வண்டியின் விளக்குகளுக்கு நாடா ஒட்டி, கண்ணாடியைக் கழற்றிவைத்து, தடம் கேட்கும் ஏற்பாடுகளைச் செய்து ஓடிவிட்டு, மாலையில் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு மதிப்பே உண்டு. சாலை வண்டி தடத்துக்கு விருந்தாளியாகப் போகலாம். தட வண்டி சாலைக்குத் திரும்பக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கலாம். வழக்கமான காப்பீட்டுப் பத்திரத்தில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இடமில்லை என்று அச்சிட்டே இருக்கிறது. வண்டி வாங்கிய எத்தனை பேர் அந்தப் பத்திரத்தைப் படித்திருக்கிறோம்?

*

குற்றம் முழுவதையும் இருபது வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு நகர்வது சௌகரியம். அந்தச் சௌகரியத்தை நாங்கள் விரும்பவில்லை.

விளம்பரங்களைப் பாருங்கள். வண்டி தடத்தில் முழங்கால் உரசச் சாய்கிறது. இசை அதிர்கிறது. கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் ஓர் எச்சரிக்கை: பயிற்சி பெற்றவர் மூடிய தடத்தில் ஓட்டுகிறார், முயலவேண்டாம். தடத்தைக் காட்டி விற்றுவிட்டு, வாங்கியவனுக்குத் தடத்தின் முகவரியைச் சொல்லாத வியாபாரம் இது. அவன் எங்கே போவான்? கடற்கரைச் சாலைக்குத்தான் போவான்.

தமிழ்நாட்டுக்கு இதில் தப்பிக்க வழியில்லை. ஓசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் நாள்தோறும் வண்டிகள் உருண்டு வெளிவருகின்றன. பந்தய மரபும் நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் எழுந்தது. இன்று அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதன் நினைவாக 2003இல் 2.1 கி.மீ. தடம் வந்தது. இப்படி விரல்விட்டு எண்ணும் தடங்களுக்கு நடுவே எத்தனை லட்சம் வண்டிகள்!

நாங்கள் கேட்பது பிரமாண்டமான பந்தய அரங்கங்களை அல்ல. 2011இல் நொய்டா அருகே அப்படி ஒன்றைக் கட்டினார்கள். ஃபார்முலா 1 மூன்று ஆண்டுகளோடு அங்கிருந்து போய்விட்டது. நாங்கள் கேட்பது எளியது. மாவட்டத்துக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும் மண்டலத்துக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு தடங்கள். மாதத்தில் ஒரு நாளாவது குறைந்த கட்டணத்தில், வாடகை உடுப்போடு, ஆசிரியரோடு. வண்டி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், தடத்தைக் காட்டி விளம்பரம் செய்தால், வாங்கியவருக்கு ஒரு நாள் பயிற்சியை விலையோடு சேர்த்துத் தரட்டும். விளக்கும் ஹாரனும் இல்லாத, பதிவு செய்யத் தேவையில்லாத தட வண்டியைப் பொதுமக்களுக்கு எளிய விலையில் விற்கட்டும். புது விளக்குகளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைக்கும் வேலையாவது எங்களுக்கு மிஞ்சும்.

அதுவரை, ஞாயிற்றுக்கிழமை வீரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டி ட்ராக் பைக் என்றால் அதைச் சரக்கு வண்டியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ கொண்டு வாருங்கள். உங்களை வரவேற்று, கம்பி முறுக்கக் கற்றுத்தர நாங்களே வருகிறோம். அது சாலை வண்டி என்றால், கண்ணாடிகளை மாட்டுங்கள், எண் பலகையை நேராக்குங்கள், சாரி கார்டைத் திரும்பப் பொருத்துங்கள். இரண்டும் அல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மட்டும் உபயோகிக்காதீர்கள்.

விழுந்தால் நாம் மட்டும் விழவேண்டும் என்றார் அந்தப் பெரியவர். தடத்தில் அதற்குக் கம்பி, தொட்டி, தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. சாலையில் அதற்கு இருப்பது நாம் கழற்றிப் பெட்டியில் போட்டுவைத்திருக்கும் சாமான்கள் மட்டுமே.